மறுப்பவன் தர வேண்டிய பட்டு

தம்பி,

இந்தக் கடிதத்தை ஹானா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. படித்து முடித்ததும் அவளுக்கே படித்துச் சொல்லலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முதலில் நீ தனியாகப் படிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் பேசும் லட்சணம் உனக்குத் தெரியாதா? ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, அங்கே குளிர் எப்படி என்று கேட்டு, சரி வைக்கிறேன் என்று முடித்துவிடுவேன். தாளில் எழுதினால் அப்படி நழுவ முடியாது. முப்பத்தைந்து வருஷமாக மற்றவர்கள் தாளில் எங்கே நழுவியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பிழைத்தவன் நான், அதனால் என் தப்பையும் தாளிலேயே வைக்கிறேன். உனக்கும் ஹானாவுக்கும் நடுவில் கொஞ்ச நாளாக ஏதோ சரியில்லை, அவள் சரியாகவே பேசுவதில்லை என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னாயாமே. அது என்னால் வந்தது.

மாசி மகம் முடிந்து, தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளெல்லாம் அவரவர் கோயிலுக்குத் திரும்பிய அந்த வாரம்தான் நீ போன் பண்ணினாய். அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள், நான்தான் எடுத்தேன். "அப்பா, ஹானா என்னக் கேட்டுட்டாப்பா" என்றாய். என்னடா கேட்டாள் என்றேன். "கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டுட்டா. இன்னிக்கு இருபத்தொம்பது இல்ல, இன்னிக்கு ஒரு நாள் பொண்ணுங்களே கேக்கலாமாம். நாலு வருஷத்துக்கு ஒரு வாட்டிதான். அவங்க ஊர்ப் பழக்கம்" என்று சொல்லிச் சிரித்தாய். நீ என்ன சொன்னாய் என்றேன். "வீட்ல கேட்டுட்டு ஒரு வாரத்துல சொல்றேன்னேன்." எனக்கு முதலில் உன் மேல்தான் சந்தேகம் வந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றது எங்கள் மேல் வைத்த மரியாதையா, இல்லை உனக்கே தொடை நடுங்கி எங்கள் பின்னால் ஒளிந்துகொண்டாயா? இன்று வரை எனக்கு அது தெளிவாகவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை உன்னிடம் கேட்காமல் விழுங்கிவிட்டு, மீதிச் சந்தேகம் அத்தனையையும் முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் மேல் திருப்பினேன்.

பிப்ரவரி இருபத்தொன்பது என்று காதில் விழுந்ததுமே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. என் தொழிலில் அது கெட்ட தேதி. முன்னறையில் நான் உட்கார்ந்து என்ன செய்தேன் என்று நீ சின்ன வயதில் சரியாகக் கவனித்ததில்லை. வருகிறவர்கள் கொடுத்த மிட்டாய்தான் உனக்கு முக்கியம். பிரெஞ்சு நேஷனாலிட்டி கேட்டு மனுப் போடுகிறவர்கள் தாத்தாவின் பிறப்புச் சான்று, பாட்டியின் கல்யாணச் சான்று என்று கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து முத்திரை போட்டுக் கொடுப்பேன். ஒரு முறை ஒருவர் கொண்டுவந்த பிறப்புச் சான்றில் பிப்ரவரி இருபத்தொன்பது என்று இருந்தது. தாள் பழசு, மை பழசு, கையெழுத்து கச்சிதம். எல்லாம் சரி, அந்த வருஷம் லீப் வருஷமே இல்லை! பிறக்கவே முடியாத நாளில் ஒரு மனுஷரைப் பிறக்க வைத்திருந்தார்கள். தாளை மடித்து அவர் கையில் கொடுத்து, "வேற ஆளப் பாருங்க" என்றேன். கல்யாணச் சான்றுகளின் கதை இன்னும் மோசம். மாமியார் பெயர் என்ன என்று கேட்டால் மாப்பிள்ளை திருதிருவென்று முழிப்பார். பாஸ்போர்ட்டுக்காகத் தாலி கட்டியவர்களை இந்த ஊரில் அவ்வளவு பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணாலேயே ஹானாவையும் பார்த்தேன். அவளுக்கு உன் இந்தியப் பாஸ்போர்ட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிஷம் நான் யோசிக்கவில்லை.

அன்றைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஹானா ஊர்க்காரர்களான இங்கிலீஷ்காரர்கள் குளிர்காலம் முடிகிற இந்த ஒன்றரை மாசத்தில் என்னென்ன செய்கிறார்கள் என்று துருவ ஆரம்பித்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாள். அது நமக்கும் தெரிந்ததுதான். இங்கே ஷாந்தலேர் என்று சொல்லி, நான் படித்த பள்ளிக்கூடத்தில் இடது கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சட்டியை ஆட்டி முட்டை தோசையைத் திருப்பச் சொல்வார்கள். கீழே விழாமல் திரும்பினால் வருஷம் முழுக்க நல்லது. பிரெஞ்சுக்காரன் செய்தால் எனக்கு அது பண்டிகை. இங்கிலீஷ்காரன் அதே நாளில் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு வெயில் அடித்தால் இன்னும் குளிர் பாக்கி இருக்கிறது, மப்பாக இருந்தால் குளிர் போயிற்று என்கிறான் என்று படித்ததும், வெயில் அடித்தால் குளிரா, எந்த ஊர் நியாயம் இது என்று எனக்குக் கோபம் வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கட்டின பச்சைத் தழையை அன்றைக்குள் எடுத்துவிட வேண்டுமாம், ஒரே ஒரு இலை வீட்டில் தங்கினாலும் வீட்டில் சாவு விழுமாம். சாம்பல் புதனுக்கு முந்தின நாள், நோன்புக்கு முன்னால் வீட்டில் இருக்கிற முட்டையையும் வெண்ணெயையும் தீர்ப்பதற்காகத் தோசை சுடுவார்களாம். பெண்கள் சட்டியும் கையுமாகத் தெருவில் ஓடுவார்களாம். அதே செவ்வாய்க்கிழமைதானே நீ ஒரு வீடியோ அனுப்பினாய்? ஊரே இரண்டாகப் பிரிந்து ஒரு பந்துக்காக ஆற்றில் இறங்கிக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தது, நடுவில் நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று பல்லைக் காட்டினாய். இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தது சேற்றில் இறக்கவா என்று அம்மாவிடம் கேட்டேன். "புள்ள சந்தோஷமா கீறான், உங்களுக்கு அது பொறுக்கலையா?" என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மாசம் ஹானா உன் அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள் இல்லையா, உள்ளே காய வைத்த ஒரு வெள்ளைப் பூவோடு? ஸ்னோடிராப் என்று பெயர், பனிக்குள்ளிருந்து முதலில் எட்டிப் பார்க்கிற பூ என்று நீதான் போனில் விளக்கினாய். அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். அந்தப் பூவை ஒற்றையாக வீட்டுக்குள் கொண்டுவருவதை அங்கே சிலர் அபசகுனமாக நினைப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் படித்தேன். மனுஷ ஜாதகத்தையே நம்பாத நான், ஒரு வெள்ளைக்காரப் பூவின் ஜாதகத்தை நம்பி, அதை எடுத்து என் பிரெஞ்சு அகராதிக்குள் சொருகிவிட்டேன். அம்மா தேடினாள். காற்றில் பறந்திருக்கும் என்றேன். அதுதான் என் முதல் பொய், ரொம்பச் சுலபமாக வந்தது.

கடைசியாக இருபத்தொன்பதாம் தேதி விவகாரத்துக்கு வந்தேன். ஸ்காட்லாந்து ராணி ஒருத்தி சட்டம் போட்டாளாம், லீப் வருஷத்தில் பெண்கள் தாமே ஆணைக் கேட்கலாம் என்று. நான் விடுவேனா? அந்தச் சட்டம் போட்டதாகச் சொல்கிற வருஷத்தில் அந்த ராணிக்கு ஐந்து வயது, அவள் அந்த நாட்டிலேயே இல்லை, கடல் தாண்டி நார்வேயில் இருந்தாள், அப்படி ஒரு சட்டம் எந்த ஏட்டிலும் அகப்படவில்லை என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! போலிப் பத்திரம்! நம் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கின ஆட்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருநூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசத்தில் நம் ஊர்ப் பிரெஞ்சுக் கோட்டை இங்கிலீஷ்காரர்களிடம் சரணடைந்ததையும், அதற்கப்புறம் அவர்கள் வீடு வீடாக இடித்ததையும் ஹானா கணக்கில் எழுதினேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள். அதே பக்கத்தில் கீழே இன்னொன்று இருந்தது. அன்றைக்கு ஒரு பெண் கேட்டு, ஆண் மாட்டேன் என்றால், அவன் அவளுக்கு ஒரு பட்டு உடுப்பு வாங்கித் தர வேண்டும். பட்டு வந்தால் மறுப்பு என்று அர்த்தம். அதை நான் இரண்டு முறை படித்தேன்.

இதற்கு மேல் எழுதுமுன் உன் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று பத்து வயதில் நீ கேட்டபோது, அவளுக்குப் பள்ளிக்கூடமே போதும் என்று இருந்துவிட்டாள் என்றேன். அது உண்மை இல்லை. அவளுக்கு ஒரு வரன் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மகன், சொல்தா வீடு என்று ஊரில் சொல்வார்களே அந்த மாதிரிக் குடும்பம். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை. இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். அத்தைக்குப் பிடித்திருந்தது, அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நான் அப்போதுதான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிது, கையில் சுத்தி கிடைத்தவன் மாதிரி எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற வயது. அவருடைய தாள்களைக் கேட்டு வாங்கினேன். ஒன்றில் அப்பா பெயர் முருகேசன், இன்னொன்றில் முருகையன். ஒரு ஆளுக்கு இரண்டு அப்பாவா, எங்கேயோ தில்லுமுல்லு இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். வரன் நின்றுபோனது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே மனுஷர் தன் மகளுடைய தாள்களை மொழிபெயர்க்க என்னிடமே வந்தார். அதில் பழைய பதிவு ஒன்று இருந்தது, அதில் அதே அப்பா பெயர் மூன்றாவது விதமாக எழுதியிருந்தது. பதிவு எழுதின பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அதற்குள் நான் அந்த மாதிரி நூறு பெயர் பார்த்திருந்தேன், வரன் வந்த அன்றைக்குத்தான் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. அவர் தாள்களை வாங்கிக்கொண்டு எழுந்தார். "தங்கச்சி சௌக்கியமா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போன் பண்ணின அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அந்தப் பொண்ணே கேட்டுச்சா? நல்ல பொண்ணா கீது. இவன் கேட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் ஆயிருக்கும்" என்றாள். மறுநாள் காலையில் நேரு வீதிக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை எடுத்துவந்தாள். நம் வழக்கம் உனக்குத் தெரியும், பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குப் பட்டு போனால் முடிந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் வேறு பேச்சு கிடையாது. புடவையின் நாலு முனையிலும் மஞ்சள் தடவினாள். தமிழில் ஒரு கடிதம் எழுதி, "கீழ இங்கிலீஷ்ல எழுதிடுங்க" என்று என்னிடம் கொடுத்தாள். "அவனுக்கு மூச்சு விடாதீங்க. பொண்ணு கட்டிக்கினு வந்து நிக்கட்டும், அப்ப பாக்கட்டும் அவன் மொகத்த" என்றாள். அதனால்தான் நீ போன் பண்ணும்போதெல்லாம் அவள் அந்தப் பேச்சை எடுக்காமல் மழுப்பினாள். அவளுக்குள் சிரிப்பு. நீ அதைத் தயக்கம் என்று நினைத்தாய். அம்மா இன்னும் யோசிக்கிறாள், இப்போது எதுவும் கேட்காதே, நானே சொல்கிறேன் என்று உனக்குச் சொன்னவன் நான்.

கூரியர் ஆபீஸ் வரைக்கும் நான் எதையும் முடிவு பண்ணவில்லை என்று எழுதத்தான் கை வருகிறது. அது பொய். வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். அம்மாவின் கடிதம் இருந்தால் அந்தப் பட்டு சம்மதம். கடிதம் இல்லாவிட்டால், அந்த ஊர் வழக்கப்படி அது மறுப்பு. என் வாயால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அவளாகப் புரிந்துகொண்டு விலகிவிடுவாள், உனக்கு ஏன் என்று தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, என் கை சுத்தமாக இருக்கும். கவுண்டர் பக்கத்தில் நின்று அட்டைப் பெட்டியைத் திறந்து, கடிதத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஹானாவின் விலாசம் என்னிடம் இருந்தது, அவள் அனுப்பின அட்டையின் உறையில். படிவத்தில் அனுப்புகிறவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதியிருந்தால் வேலை இன்னும் கச்சிதமாக முடிந்திருக்கும். கை வரவில்லை. ஆயுசில் ஒரு தாளிலும் பிறத்தியார் பெயரை என் கையால் பொய்யாக எழுதியதில்லை என்ற கர்வம் எனக்கு. அப்படிப்பட்ட யோக்கியன், சட்டைப் பையில் பெண்டாட்டியின் கடிதத்தை வைத்துக்கொண்டு என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் அம்மா தினமும் கேட்டாள், "பொடவ போய்ச் சேந்துச்சா? அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலியா?" கஸ்டம்ஸில் நிற்கும் என்றேன், அங்கே தபால் மெதுவு என்றேன். போன வியாழக்கிழமை ஹானாவிடமிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை மொழிபெயர்த்துத் தருகிறேன், இந்த முறை ஒரு சொல் விடாமல்:

"ஐயா, புடவை கிடைத்தது. இவ்வளவு அழகான துணியை நான் தொட்டதே இல்லை. இருபத்தொன்பதாம் தேதி கேட்ட பெண்ணுக்குப் பட்டு கொடுத்தால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் எதையும் படிக்காமல் விடமாட்டீர்கள் என்று உங்கள் மகன் சொல்வார். ஆனால் பட்டை மறுக்கிறவர்தான் தர வேண்டும், அவருடைய அப்பா இல்லை. பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறது. அதனால் இதை அவருடைய பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இது உங்கள் பதிலா? இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. புடவையின் நாலு முனையிலும் மஞ்சளாக விரல் தடம் இருக்கிறது, யாரோ பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி. மறுப்பு அனுப்புகிறவர்கள் இவ்வளவு பார்த்துச் செய்வார்களா? உங்கள் மகனிடம் புடவையைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் வந்து நிற்க வேண்டியிருக்கும். சொல்லாமல் அவரோடு சகஜமாகப் பேசவும் எனக்கு வரவில்லை. அந்த ராணி கதை பொய் என்று எங்களுக்கும் தெரியும் ஐயா. எங்கள் அம்மாவும் அப்படி ஒரு நாளில்தான் அப்பாவைக் கேட்டார். சட்டம் உண்மையா என்று பார்த்து யாரும் கேட்பதில்லை, கேட்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எனக்கே எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்."

தம்பி, இத்தனை வருஷத்தில் என் தாளில் ஒருத்தர்கூடத் தப்புக் கண்டுபிடித்ததில்லை. அனுப்பியவர் பெயர் ஒத்துப்போகவில்லை என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். நான் சந்தேகப்பட்ட மாதிரியே அவளும் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஆனால் சந்தேகம் வந்ததும் அவள் செய்தது ஒரே காரியம், என்னிடமே கேட்டாள். நான் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த மருந்துக்கடை மனுஷரை உட்கார வைத்து ஏன் சார் இரண்டு பெயர் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். ஹானாவிடம் ஏம்மா அந்த நாளில் கேட்டாய் என்று கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள். உனக்கு நான் எதையாவது விட்டுப்போகிறேன் என்றால் இந்தச் சந்தேக புத்திதான் முதலில் வந்து சேரும், உன்னிடம் அது ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. வந்தால் வரட்டும். யார் மேல் வருகிறதோ அவர்களிடம் அன்றைக்கே வாய் திறந்து கேட்டுவிடு. தனியாக வைத்துக்கொண்டு ஆராய்ச்சி பண்ணாதே. நான் பண்ணினதன் லட்சணம் உன் கண் முன்னால் இருக்கிறது.

அவள் கடிதத்தையும் மூன்று நாள் மறைத்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி, அவள் எழுதின கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கடிதத்தை எடுத்துப் பார்த்தாள், கீழே நான் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. "உங்க தங்கச்சிக்குப் பண்ணதையே எம் புள்ளைக்கும் பண்ணிட்டீங்களா?" என்றாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "மொதல்ல மூலக்குளம் போய் உங்க தங்கச்சியப் பாருங்க. அவகிட்ட சொல்லாம இங்க எதையும் எழுத ஒக்காராதீங்க" என்றாள். அப்புறம் இன்று வரை என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள்.

நேற்று போனேன். பங்குனி வெயில், வில்லியனூர் ரோட்டில் பஸ் நின்று நின்று போயிற்று. அத்தை வீட்டில் தண்ணீர் வருகிற நேரம், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். முருகேசன், முருகையன், மூன்றாவது பெயர், அவர் வந்தது, அவளைக் கேட்டது, நான் வாயைத் திறக்காமல் இருந்தது. உன்னுடைய விஷயத்தையும் சொன்னேன், இருபத்தொன்பதாம் தேதி, பட்டு, ஹானாவின் கடிதம் எல்லாம். அவள் குழாயை மூடினாள். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் முகம் என் பக்கம் திரும்பவில்லை. "வரன் நின்னு போச்சின்னு சொன்னீங்க இல்ல, அதுக்கு மறுநா நான் மார்க்கெட்டுக்குப் போனேன்ணே. அந்த மருந்துக் கடைக்கு. உங்க பேர்ல எதுனா தப்பு இருக்குதா, இல்ல எங்க வூட்லதான் தப்பா, என்னக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டுடலாம்னுதான் போனேன். படி வரைக்கும் போயிட்டேன். உள்ள நின்னு யாருக்கோ மாத்திர கட்டிக் குடுத்துக்கினு இருந்தாரு. பொம்பள வந்து கேக்குறாளேன்னு என்னா நெனப்பாரோன்னு திரும்பி வந்துட்டேன்."

குடத்தைத் தூக்கப் போனேன், வேண்டாம் என்று அவளே தூக்கிக்கொண்டாள். உள்ளே போகிறவள் நின்று, "அந்தப் பொண்ணு படி ஏறிட்டாண்ணே. அவள வெளில நிக்க வெக்காதீங்க" என்றாள்.

அம்மாவின் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும். கீழே இங்கிலீஷில் எழுதி, முத்திரையும் போட்டிருக்கிறேன், இதற்கு முத்திரை தேவையில்லை என்றாலும். அம்மா எழுதியது இதுதான்: "ஹானா கண்ணு, நீ கேட்டன்னு சொன்னாங்க. எம் புள்ள வாய் தொறக்க நேரமாவும், சின்னதுலேந்தே அப்படி. அதனால நான் முந்திக்கிறேன். இந்தப் பொடவ உனக்கு. முனையில இருக்கிறது மஞ்சள், கறைன்னு நெனச்சித் தொவச்சிடாத." ஹானாவுக்கு நானும் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அது என் பதில் இல்லை, என் குற்றம் என்று எழுதினேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிப்பாளா என்பது அவள் இஷ்டம். நீ மன்னிப்பதும் அப்படித்தான், அதற்கு அவசரமில்லை.

அவசரம் வேறு ஒன்றுக்கு. எங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இனி யாரிடமும் சொல்லாதே. நாங்கள் என்ன சொல்வோம் என்பதைப் பார்த்துவிட்டாய் அல்லவா? மாட்டேன் என்பதாக இருந்தால் அதையும் நீயே போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சரி என்றாலும் நீயே சொல். அவள் கேட்டு இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது தம்பி. இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பு.

அப்பா